நான்கு தட்டுகளுக்குப் பின்

உபதேசியார் ஐயாவுக்கு வலக்கை நடுங்கத் தொடங்கிய பின்னரே, அவர் வாசிப்பது எதுவும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை என்பது பாடகர் குழுவினராகிய எங்களுக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகளாகத் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவருடைய ஆர்மோனியமே எங்களைச் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் நடத்திச் சென்றது. ஆகவே, அவர் வாசிப்பைச் சீக்வென்சர் உள்ள ஒரு கீபோர்டில் பதிந்துவைக்க முடிவு செய்தோம்.

வழிபாட்டில் ஒலிக்கவிடுவது எங்கள் நோக்கமன்று. தானாக இசைக்கும் கருவிகளையும் ஒலிப்பதிவுகளையும் வழிபாட்டிலும் பக்தி முயற்சிகளிலும் பயன்படுத்தலாகாது என 1958ஆம் ஆண்டின் உரோமை அறிவுறுத்தல் விலக்கியதைப் பங்குத்தந்தை முன்கூட்டியே நினைவூட்டியிருந்தார். இளையவர்கள் கற்றுக்கொள்வதற்காகவே இம்முயற்சி. சீக்வென்சர் ஒலியைச் சேமிப்பதில்லை; எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்திகளையே சேமிக்கிறது. 1983இல் வெளிவந்த மிடி என்னும் பொது முறை இதற்கு அடிப்படை. பயில்வோர் சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். வேகம் மாறாமல் சுருதியை ஏற்றலாம்.

ஆலயத்தின் பின்னறையில் ஐயாவை அமர்த்தினோம். கருவியை இயக்கிய இளைஞர் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்தார். முதல் நான்கு தட்டுகள் முன்னறிவிப்பு. ஐந்தாவதில் தொடங்க வேண்டும். ஐயா மூன்றாவதிலேயே தொடங்கிவிட்டார். மறுமுறை சரியாகத் தொடங்கினாலும், முதல் வரியின் கடைசிச் சுரத்தில் நின்றுவிட்டார். தட்டு அவரை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு முறை முயன்றோம். ஆறு முறையும் அதே இடம்.

"இது யாருக்குமே நிற்காதா, தம்பி?" என்று கேட்டார்.

நிற்காது என்பதுதான் அதன் பெருமை. ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பார் 1814இல் கண்டறிந்ததை மெல்ட்செல் 1815இல் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். (பிறர் உழைப்பில் பெயர் பெறுவது அன்றும் இருந்தது!) அன்றுமுதல் இசைப் பயிற்சியில் அது கண்டிப்பான ஆசிரியராகவே இருந்துவருகிறது.

முதுமையும் கை நடுக்கமுமே காரணம் என எண்ணினோம்; அதைச் சொல்லாமல் சரிசெய்யவும் முற்பட்டோம். பிசகிய சுரங்களை அருகிலுள்ள தட்டுக்கு இழுத்துப் பொருத்தும் 'குவாண்டைஸ்' வசதியால் எல்லாச் சுரங்களும் வரிசையில் நின்றன. போட்டுக் காட்டியபோது ஐயா குற்றம் எதுவும் சொல்லவில்லை. "யார் வாசிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அதன் பின்னரே, அந்தச் சுரத்தில் ஏன் நிற்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒவ்வொரு நிலையிலும் சனங்க முழங்காலிலே இருக்காங்க. பாட்டு எடுத்ததும்தானே எழுந்திருக்கிறாங்க? கடைசிப் பாட்டி எழுந்து நிற்காமல் அடுத்த வரியை எப்படி எடுக்கிறது?"

எதிரே மக்கள் இல்லாத அறையிலும் அவர் விரல் அவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிட்ட நூலின் 11ஆம் பகுதியில், விரைந்து சொல்லும் நெடிய அடியைவிட இழுத்துச் சொல்லும் குறிய அடி அதிக நேரம் கொள்ளலாம் என்று கூறி, அப்படியாயின் காலத்தை எதனால் அளக்கிறோம் என்று வியக்கிறார். இறுதியில் உள்ளத்திலேயே அளக்கிறோம் என்கிறார். முன்பு படித்ததுதான். பின்னறையில்தான் பொருள் விளங்கியது.

மெட்ரோனோமை நிறுத்திவிட்டு ஐயாவை அவர் போக்கில் வாசிக்கவிட்டோம். பிறகு அவர் கை போன வழியே தட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திவைத்தோம். சீக்வென்சரில் டெம்போவை இடத்துக்கு இடம் மாற்றலாம். மூன்று மாலைகள் பிடித்தன. தட்டில்லாமலே பதிவைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கலாமே எனலாம். ஆனால் எங்கே, எவ்வளவு காத்திருக்கிறார் என்பதைத் தட்டோடு கேட்டால்தான் கற்பவருக்குப் புலப்படுகிறது. எங்களுக்கும் அப்போதுதான் புலப்பட்டது: முதல் நிலையில் ஏறத்தாழ ஒரு தட்டளவு நின்றவர், பதினோராம் நிலையில் மூன்று தட்டளவு நின்றிருந்தார். மக்கள் களைத்துப்போவதும் அவர் கணக்கில் இருந்தது. அவ்வாசிப்பில் நடுக்கத்தால் இரட்டித்த சில சுரங்களை மட்டும் அவர் ஒப்புதலோடு நீக்கினோம்.

பயிற்சியின்போது ஒரு சிறுமி, "மிஷின் கெட்டுப்போச்சா? நடுவிலே தட்டு மெதுவாகுதே" என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னோம்.

கடந்த தவக்காலத்தின் கடைசி வெள்ளியன்று அவளே கீபோர்டு வாசித்தாள். ஐயா மக்களோடு மக்களாக மூன்றாம் வரிசையில் இருந்தார். ஒன்பதாம் நிலையின் செபம் முடிந்து பாடல் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தனர். ஐயா முன்னிருந்த பெஞ்சைப் பற்றிக்கொண்டு ஒரு காலை ஊன்றினார், மறுகால் வரவில்லை. சிறுமி அவரைப் பார்த்தவாறே அந்தச் சுரத்தில் விரலை எடுக்காமல் இருந்தாள்.