'எங்கே' என்று கேட்காத வளை

குழந்தைகளுக்கென எழுதப்பட்ட விலங்குக் கதை பெரியவர்களின் உள்ளத்தையும் சில வேளைகளில் சோதித்துவிடும். ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் ஆடம்ஸ் 1972-இல் வெளியிட்ட 'வாட்டர்ஷிப் டவுன்' அத்தகைய புதினம். தம் புதல்வியர் இருவருக்குக் கார்ப் பயணத்தில் சொன்ன கதையையே அவர் பின்னர் நூலாக்கினார். இது முயல்களைப் பற்றிய கதையே அன்றி உருவகம் அன்று என்றும் அவர் வலியுறுத்தி வந்தார். அதை மதித்தே நாம் படிக்கிறோம். ஆயினும் ஒரு பகுதி நம்மை எளிதில் விடுவதாயில்லை.

தம் வளைக்கு அழிவு நெருங்குவதை ஃபைவர் என்னும் சின்னஞ்சிறு முயல் உணர்கிறது. அதன் சொல்லை நம்பித் தமையன் ஹேசலின் தலைமையில் சில முயல்கள் புறப்படுகின்றன. வழியில் கௌஸ்லிப் என்னும் முயல் அவற்றைத் தன் வளைக்கு அழைக்கிறது. அங்குள்ளவை கொழுத்தவை, நயமாகப் பேசுபவை, கவிதை புனைபவை. பண்ணைக்காரன் ஒருவன் அருகிலேயே உணவைப் போட்டுச் செல்கிறான். பகை விலங்குகளையும் சுட்டுக் கொல்கிறான். ஆனால் அவ்வளவு பெரிய வளையில் முயல்கள் மிகச் சிலவே.

பிக்விக் என்னும் வலிய முயல் கண்ணியில் கழுத்து இறுகித் துடிக்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. பண்ணைக்காரன் ஊட்டுவது, அவ்வப்போது சிலவற்றைக் கண்ணியில் பிடிப்பதற்கே. வளையில் எல்லாவற்றுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டன: காணாமற்போன முயல் எங்கே என்று கேட்கலாகாது, கேட்டால் விடை கூறலாகாது. பாட்டில் அச்சொல் வரலாம், பேச்சில் வரக்கூடாது. உதவி கேட்டு ஓடிவந்த ஃபைவரின் வாயையும் அடைக்கவே முயல்கின்றன.

திருநூலின் தொடக்கத்திலேயே கடவுள் மனிதரிடம் கேட்பது 'எங்கே' என்னும் கேள்விதான். ஒளிந்துகொண்ட ஆதாமை அச்சொல்லால் தேடுகிறார். காயினிடம் அவன் தம்பியைக் குறித்து அச்சொல்லாலேயே வினவுகிறார். காயினின் பாவம் கொலையோடு முடியவில்லை. அந்தக் கேள்வி தனக்குரியதன்று எனத் தள்ளியதிலும் தொடர்ந்தது. கௌஸ்லிப்பின் வளையில் எந்த முயலும் இன்னொன்றைக் கொல்லவில்லை. கேளாதிருந்தே பிறிதொன்றின் சாவில் ஒவ்வொன்றும் கொழுத்தது.

நம் பங்குகளை எண்ணிப் பார்ப்போம். ஒழுங்கான திருப்பலி, இனிய பாடற்குழு, குறைவற்ற திருவிழா. ஒரு குடும்பம் கடனுக்கு அஞ்சி இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறது. குடியால் சிதைந்த ஒருவர் ஆலயம் வருவதை நிறுத்திக்கொள்கிறார். கணவனை இழந்த இளம்பெண்ணின் இடம் வெறுமையாகிறது. துன்புறுவோர் அனைவருக்காகவும் பொதுவாக மன்றாடுகிறோம். உருக்கமாகப் பாடவும் செய்கிறோம். ஆனால் பெயரைச் சொல்லி, "அவர் எங்கே?" என்று அன்பியக் கூட்டத்தில் கேட்பவர் யார்? கேட்டால் விடை வரும். விடை வந்தால் எழுந்து போக வேண்டியிருக்கும்.

கம்பியை முயற்பல் அறுக்க இயலாது. ஆகவே தோழர்கள் அது கட்டப்பட்ட முளையைச் சுற்றி மண்ணைத் தோண்டி, முளையையே கடித்தறுத்துப் பிக்விக்கை மீட்கின்றன. துணையைக் கண்ணிக்குப் பறிகொடுத்த ஸ்டிராபெரி என்னும் முயல், அந்த வளமான வளையை விட்டு அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. நாளைய உணவுக்கு உறுதியில்லாத வழிதான் அது. ஆனால் அவ்வழியில் ஒன்று பின்தங்கினால் மற்றவை நின்று திரும்பிப் பார்க்கும்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயரின் மந்தை நாம். வரும் ஞாயிறன்று ஆலயத்தில் வெறுமையாயிருக்கும் இடம் யாருடையது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்போம்.