அம்மாவின் மாத்திரை டப்பா

தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு போன் செய்வேன். நான் சென்னையில், அம்மா கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில். சாப்பிட்டியா, கதவைப் பூட்டிட்டியா, மாத்திரை போட்டியா? மூன்றுக்கும் சேர்த்து "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்று ஒரே மூச்சில் பதில் வரும். நானும் நிம்மதியாகத் தூங்கப் போவேன்.

அம்மா பொய் சொல்லவில்லை. எல்லா மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். சிக்கலே அங்கேதான்.

போன ஆடியில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர், கூடத்துத் தூணைப் பிடிக்கப் போய் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பக்கத்து வீட்டு அத்தைதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் மாவுக்கட்டு போட்டு முடித்திருந்தார்கள்.

கட்டுப் போட்ட டாக்டரம்மா இளவயதுக்காரர். எலும்பைப் பற்றிப் பேசாமல், "ஏன் விழுந்தாங்க?" என்று கேட்டார். எழுந்ததும் தலை சுற்றியது என்றார் அம்மா. படுக்க வைத்து பி.பி. பார்த்தார், 110. நிற்க வைத்துப் பார்த்தார், 86. என் பக்கம் திரும்பி, "என்னென்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தினமும் கேட்கிற எனக்குத் தெரியவில்லை. "பி.பி.க்கு ஒண்ணு... அப்புறம் வீக்கத்துக்கு ஏதோ..." என்று இழுத்தேன். "வீட்ல இருக்கிற எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

அன்றிரவு அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாவை ஊஞ்சல் பலகையில் கவிழ்த்தேன். பாதி அட்டைகள் துண்டு துண்டாக இருந்தன. மருந்துக்கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள் இல்லையா? பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன: 'காலை வெள்ளை', 'ஆஸ்பத்திரி ரெண்டு கலர்', 'வீக்க மாத்திரை'.

போன் டார்ச்சை அடித்து, பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தை வாசித்தேன். காலை வெள்ளை: ஆம்லோடிபின் 5 மி.கி. ஊர் டாக்டர் எட்டு வருஷம் முன்னால் எழுதியது. ரெண்டு கலர்: டெல்மிசார்ட்டன் 40, அதோடு ஆம்லோடிபின் 5. அதற்கு முந்தைய சித்திரையில் காய்ச்சலுக்காக வேறொரு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தபோது, பி.பி. ஏறியிருக்கிறது என்று மாற்றிக் கொடுத்தது. பழையதை நிறுத்தச் சொன்னார்களா? "அவங்க ஒண்ணும் சொல்லலையே. இது வேற கலரு, வேற டப்பா. ரெண்டும் வேற வேறன்னுதான் நினைச்சேன்" என்றார் அம்மா. டிஸ்சார்ஜ் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அங்கே யாரும் கேட்கவில்லை. சரி, நான் கேட்டேனா?

ஒரே மருந்து, இரண்டு சட்டை.

மறுநாள் டாக்டரம்மா அட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கி வைத்து அம்மாவுக்குத்தான் விளக்கினார், எனக்கல்ல. ரத்தக்குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அந்தத் தசை இறுகுவதற்கு கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். ஆம்லோடிபின் அந்த வாசலை அடைக்கிறது. தசை தளர்ந்து குழாய் அகலமாகிறது, அழுத்தம் இறங்குகிறது. டெல்மிசார்ட்டன் வேறு வழி. குழாயை இறுக்கச் சொல்லி உடம்பே ஒரு சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி போய் ஒட்டும் இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறது. வேலை வேறு வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வைத்தியம்தான். ஒன்றையே தெரியாமல் இரண்டு தடவை போடுவது அப்படி இல்லை.

"அப்ப கால் வீக்கம்?" என்றார் அம்மா.

அந்தக் கதை தனி. சித்திரைக்குப் பிறகு கணுக்கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. அம்மா புதுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு கிளினிக்குக்குப் போக, அவர்கள் நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஃபியூரோசமைடு. அதனால்தான் ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். (காலையில் போட வேண்டியதை அம்மா சாயங்காலம் போட்டுக்கொண்டிருந்தார், பகலில் கோயிலுக்குப் போக இடைஞ்சலாக இருக்கிறதென்று.)

"உங்களுக்கு வயல் உண்டாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா. உண்டு. "மடையை அகலமாத் திறந்துட்டீங்க, வடிகால் பழைய அளவுலயே இருக்கு. என்ன ஆகும்?"

"வரப்பு கசியும்."

அதேதான் என்றார். ஆம்லோடிபின் ரத்தத்தைக் கொண்டுவரும் சின்னக் குழாய்களை விரிக்கிற அளவுக்கு, திருப்பி எடுத்துப்போகும் குழாய்களை விரிப்பதில்லை. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் தசைக்குள் கசிகிறது. நிற்கிற மனிதனுக்கு அது கணுக்காலில் தேங்குகிறது. அளவு கூடக் கூட இந்த வீக்கம் வரும் வாய்ப்பும் கூடும். உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் மாத்திரையால் அதற்குப் பெரிய பலனும் இல்லை. ஆனால் பி.பி.யை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடும். ஆக, ஒரு மாத்திரையின் பக்க விளைவுக்கு இன்னொரு மாத்திரை, அதன் விளைவாக ஒரு மாவுக்கட்டு.

இருதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய வெள்ளையையும் வீக்க மாத்திரையையும் நிறுத்தினார். அம்மாவுக்கு ஒரே ஆவேசம். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன், இந்தக் கருமமே வேண்டாம்" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டு கலரை மட்டும் விட்டுடாதீங்க. அது பி.பி.யைக் குணமாக்குறதில்ல, பிடிச்சு வெச்சிருக்கு. விட்டா மறுபடி ஏறும். ஏறினது உங்களுக்கே தெரியாது" என்றார்.

வீக்கம் மறுநாளே வடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். ஆம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகுமாம். பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம். தினம் ஒரு மாத்திரை போதும் என்பதற்கும் அதுதான் காரணம். பத்து நாளில் அம்மாவின் கணுக்கால் எலும்பு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. கொலுசு போட்ட காலத்துக் கால் என்று அத்தை கிண்டல் செய்தார்.

டாக்டரம்மா கடைசியில் சொல்லிக்கொடுத்த ஒன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மருந்தின் பெயரில் வாலைப் பாருங்கள் என்றார். 'டிபின்' என்று முடிந்தால் ஆம்லோடிபின் குடும்பம். 'சார்ட்டன்' என்றால் டெல்மிசார்ட்டனின் சொந்தம். 'ஸ்டாட்டின்' கொழுப்புக்கு, 'பிரசோல்' பெரும்பாலும் வயிற்று அமிலத்துக்கு. ஒரே வால் இரண்டு அட்டையில் இருந்தால், எதையும் நீங்களாக நிறுத்தாமல், இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள் என்றார்.

இப்போது மருந்துக்கடையில் முழு அட்டைதான் வாங்குகிறோம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பெயர் இருக்கும் பக்கம் நமக்கு. மாத்திரைப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் பெரிதாக எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். போனில் நான் கேட்கிற கேள்வியும் மாறிவிட்டது: "புதுசா ஏதாவது யாராவது கொடுத்தாங்களாம்மா?"

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை தன் மஞ்சப்பையோடு வந்தார். சர்க்கரை, பி.பி., முழங்கால் வலி என்று மூன்று டாக்டர்களின் மாத்திரைகள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு 'பிரசோல்' இருக்கு. இதுலயும் ஒரு 'பிரசோல்' இருக்கே... ஏன் அத்தாச்சி, உங்க டாக்டருங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களா?"