பாலையில் ஒரு மிடறு

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் நான். ஐந்திணைகளைக் கற்பிக்கும்போது குறிஞ்சிக்கு எங்கள் ஊர் மலையைக் காட்டுவேன். மருதத்திற்குக் கிரியான் நெல்வயல்களைச் சொல்வேன். பாலைக்கு வரும்போது மட்டும் சுட்டிக்காட்ட ஏதும் இராது. மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கில் பிறந்து, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வறண்ட சுரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான்.

அந்தச் சுரத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கிட்டியது. என் மகன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பொறியாளன். பொருள்தேடிப் பிரிந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. “எப்போது திரும்பி வருவான் என்று நேரில் கேட்டு வாருங்கள்” என்று அவன் தாய் என்னிடம் சொல்லியனுப்பினாள். மகனோ, “அப்பா, நீங்கள் பாடம் நடத்திய பாலையைப் பார்க்கலாம்” என்று கூறிப் பிக் பெண்ட் தேசியப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றான்.

ரியோ கிராண்டே ஆறு பெரியதொரு வளைவாகத் திரும்பி, அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பிரித்து ஓடும் இடம் அது. 1944-இல் தேசியப் பூங்காவாக நிறுவப்பெற்றது. பரப்பளவு ஏறத்தாழ 3,240 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்கிற்கும் மேல். சிவாவாப் பாலைவனத்தின் நடுவே, கள்ளியும் முட்செடியும் படர்ந்த வெளியில், சீசோஸ் மலைத்தொடர் ஒரு தீவுபோல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி 7,800 அடிக்கும் உயர்ந்தது. கீழே வெயில் காய, மேலே ஊசியிலை மரங்கள் நிழல் தருகின்றன. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்று படித்தவனுக்கு, பாலையின் நடுவே குறிஞ்சியைக் கண்டது வியப்பாக இருந்தது.

மலைமேல் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். அங்கே விடுதியில்லை, குழாயில்லை. நெருப்பு மூட்டவும் அனுமதியில்லை. சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றே துணை. குப்பையனைத்தையும் நாமே சுமந்து திரும்ப வேண்டும். உணவைக் கரடி எடுத்துவிடாதபடி இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நான்கு லிட்டர் அளவிற்குத் தண்ணீர் கொண்டு செல்லுமாறு பூங்காவினர் வலியுறுத்துகின்றனர். மலையிலுள்ள ஊற்றை நம்பிச் செல்வதற்கில்லை. இருவருக்கும் இரண்டு நாட்களுக்குப் பதினாறு லிட்டர்; பதினாறு கிலோ எடை. பதினொன்றை மகன் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான்.

மாலையில் தென்விளிம்பை அடைந்தோம். மலை அங்கே சட்டென்று அறுந்து நிற்கிறது. கீழே மடிப்பு மடிப்பாகப் பாலை. அதற்கப்பால் மெக்சிகோவின் மலைகள். கேட்க வேண்டியதைக் கேட்க அதுவே தக்க இடமென்று எண்ணினேன். நா எழவில்லை.

கூடாரத்திற்குத் திரும்பியதும் பழக்கத்தினால் கைகால் கழுவினேன். உண்டபின் தட்டைக் கழுவி, வாயும் கொப்பளித்தேன். தண்ணீரை அளந்து செலவிட எங்கள் ஊர் எனக்குக் கற்பிக்கவில்லை. மகன் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு வானில் அத்தனை விண்மீன்கள். அவற்றின் கீழ், பேசாத தந்தையும் பேசாத மகனும்.

மறுநாள் இறங்கும் வழியில் நிழல் குறைவு. வெயில் ஏற ஏற நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. என் புட்டி வெறுமையாகிவிட்டது. அவன் தன் புட்டியை நீட்டினான். “நீ குடி” என்றேன். அவன் அண்ணாந்து புட்டியை வாயில் வைத்தான். பிறகு என்னிடம் தந்தான். “நான் குடித்துவிட்டேன் அப்பா. இனி உங்களுக்குத்தான்” என்றான். அவன் தொண்டை அசையவில்லை என்பதை நான் கண்டேன். புட்டியில் இருந்த நீரும் குறையவில்லை.

ஐந்திணை ஐம்பதில் ஒரு கலைமான் வரும். சுனையில் எஞ்சிய நீர் இருவருக்கும் போதாதென்று அஃது எண்ணும். பிணைமான் இனிது உண்ணும்பொருட்டுக் கலைமான் குடிப்பதுபோல் நடிக்கும். அப்பாட்டை எத்தனை வகுப்புகளில் உரை சொல்லியிருப்பேன்! தேர்வில் வரும் வினா என்றுகூட அடிக்கோடிடச் செய்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த மலைச்சரிவில்தான்.

பாதி குடித்தேன். “மீதியை நீ குடித்தால்தான் நான் நடப்பேன்” என்று பாறைமேல் அமர்ந்துவிட்டேன். அவன் சிரித்தான், இம்முறை உண்மையிலேயே குடித்தான்.

பிரிவு பாலைக்குரிய பொருள் என்று கற்பித்தேன். பிரிந்தவன் மறந்துவிட்டான் என்று கற்பிக்கவில்லை. அப்படி எண்ணிக்கொண்டவன் நான்தான்.

வீடு திரும்பியதும் அவன் தாய் வாசலிலேயே வினவினாள்: “கேட்டீர்களா?”

“கேட்கவில்லை” என்றேன். “ஆனால் தாகத்திற்குத் தண்ணீர் கொடுத்தான்.”

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். வெளியே மழை தொடங்கியிருந்தது. அவளை அமரச்செய்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.