71ஆவது வளைவு

நான் உருவாக்கின முதல் கேரக்டரோட பேர் ஏட்ரியன் பிளாக்வுட். வெள்ளி நிற முடி. ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை. அப்பா அம்மாவை ஒரு கெட்ட மந்திரவாதி கொன்னுட்டான். ஆசிரியர்களுக்கே தெரியாத மந்திரமெல்லாம் பதினாறு வயசுல இவனுக்கு அத்துப்படி. 2020 ஊரடங்கு, நான் பதினொண்ணாவது. ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் முடிச்சுட்டு, என்ன செய்யறதுன்னு தெரியாம, டிஸ்கார்டில் ஆளுக்கொரு மாணவனாக நடித்து மாறி மாறிக் கதை எழுதும் ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். எல்லாம் இங்கிலீஷ்லதான். ஏழு மாசம் பிளாக்வுட்டாக இருந்தேன். அதுல அவன் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த மாதிரி ஆளுக்கு மேரி சூன்னு ஒரு பேர் இருக்கறது பிறகுதான் தெரிஞ்சது. 1973இல் பாலா ஸ்மித் என்பவர், ஸ்டார் டிரெக் ரசிகர்கள் எழுதின கதைகளைக் கிண்டலடித்து ஒரு குட்டிக் கதை எழுதினார். அதன் நாயகி மேரி சூ பதினைந்தரை வயசிலேயே விண்கலத்தில் லெப்டினன்ட். அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவள் செத்ததும் கலத்தில் உள்ள பெரிய ஆட்கள் எல்லாம் அழுவார்கள். நம்ம பிளாக்வுட் அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி.

போன டிசம்பர் செமஸ்டர் லீவில், எங்க கிளாஸ் ஆட்கள் ஆறு பேர் வாட்ஸ்அப்பில் இதையே மறுபடி ஆரம்பிச்சோம். இந்தத் தடவை தமிழ்ல ஆடலாம்னு முடிவு. தமிழ்னா, இங்கிலீஷ் எழுத்துல தட்டுற தமிழ்தான். பள்ளிக்கூடத்தைக் கொல்லிமலையில் வைத்தோம். ஹாரிக்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ஒன்பதே முக்கால் பிளாட்ஃபார்ம் மாதிரி எங்களுக்கு 71ஆவது வளைவு. கொல்லிமலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவு மொத்தம் 70. பஸ்ஸில் எண்ணிக்கிட்டே போறவனுக்கு மட்டும் அடுத்தது தெரியும்.

நான் பழைய பிளாக்வுட்டையே கூட்டிட்டுப் போனேன். முதல் நாளே அடி வாங்கினான். கிளாஸ்ல ஒருத்தி பள்ளிச் சமையல்கட்டில் இருக்கும் பேயாக வந்திருந்தாள். அந்தப் பேய் இவனைப் பாத்து, "தம்பி, சாப்டியா?" என்றது. அவ்வளவுதான். எனக்குப் பதில் வரலை. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே "யூ". இங்கே அந்தப் பேயை நீன்னு சொல்லணுமா, நீங்கன்னு சொல்லணுமா? அக்காவா, ஆயாவா? அதை முடிவு பண்ண இவன் எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு, பெரியவங்ககிட்ட எப்படிப் பேசிப் பழகினவன்னு தெரியணும். வெள்ளி முடியை வெச்சு அதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் இன்னொண்ணு கவனிச்சோம். ஆறு கேரக்டர்ல அஞ்சு பேருக்கு அப்பா அம்மா கிடையாது. ஏன்டான்னு கேட்டா ஒருத்தன் சொன்னான்: "கொன்னுட்டா யாருக்கும் போன் பண்ண வேண்டாம்ல."

எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புது விதி போட்டோம். சொந்த ஊர் இருக்கணும். வீட்டுல ஒருத்தராவது உயிரோட இருக்கணும். பயம் என்னன்னு எழுதணும். அடுத்தவன் கேரக்டர் என்ன செய்யுதுன்னு நீ எழுதக் கூடாது. என் புது ஆள் செல்லத்துரை, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யறவங்க வீட்டுப் பையன். அவனுக்கு ஒரே மந்திரம்தான்: நல்ல தண்ணியை உப்பாக்குவான். திருப்பி நல்ல தண்ணியாக்கத் தெரியாது. பிளாக்வுட்டை விட இவனை வெச்சு நூறு மடங்கு ஜாலியா எழுத முடிஞ்சது.

ஆனா அந்த லீவில் எல்லாருக்கும் பிடிச்சது மாடசாமிதான். "வயசு 17. ரெண்டாம் ஆண்டு, மூணாவது தடவை. பயம்: வீட்டுக்கு ரிசல்ட் கொண்டு போற ஆந்தை." அவ்வளவுதான் அவனோட விவரம். ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு நாற்பதாவது வளைவில் மறைஞ்சு நின்னு, கருவாடு காட்டி ஆந்தையை மடக்குவான். ஒரு தடவை ஆந்தையோட ரேட் ஏறிடுச்சு, கருவாடு போதாது, நெத்திலி வறுவல்தான் வேணும்னு. மூணு வாரம் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

ஒரு ராத்திரி கதைப் போக்கில் செல்லத்துரையை விட்டுக் கேட்டேன்: "வீட்டுல எப்பதான் சொல்லப் போற?"

ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் குரூப்பில் இல்லாம எனக்குத் தனியா வந்தது: "இதை செல்லத்துரை கேக்குறானா, நீ கேக்குறியா?"

அவனுக்கு ஒன்பது அரியர். எங்களுக்கு ரெண்டு மூணுன்னு சொல்லி வெச்சிருந்தான், வீட்டுல ஒண்ணுமே இல்லைன்னு. ரிசல்ட் எஸ்எம்எஸ் போறதுக்கு அப்பா நம்பர்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது அவனோட ரெண்டாவது சிம். நாற்பதாவது வளைவு அதுதான். அரியர் இருந்தா பிளேஸ்மென்ட்டில் பெரும்பாலான கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பும்னு நமக்கெல்லாம் தெரியும். வீட்டுல ஆஃபர் லெட்டர் எப்பன்னு கேக்க ஆரம்பிச்சிருந்தாங்க. ரெண்டரை வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவங்க நாங்க. எங்ககிட்ட சொல்லாததை ஒரு ஆந்தைகிட்ட சொல்லியிருக்கான், நாங்க அதுக்குச் சிரிப்பு எமோஜி போட்டுக்கிட்டு இருந்தோம்.

உண்மையைச் சொல்லணும்னா, செல்லத்துரை அந்த ஆந்தையைப் பிடிச்சு, லெட்டரை மாடசாமி வீட்டுல கொண்டு போய்க் குடுக்கற மாதிரி ஒரு காட்சி என் நோட்ஸில் தயாரா இருந்தது. நல்ல ட்விஸ்ட்னு நினைச்சு வெச்சிருந்தேன். அன்னைக்கு ராத்திரி அதை அழிச்சேன். விதி போட்டதே நாங்கதானே.

அவனே பத்து நாள் கழிச்சு எழுதினான். மாடசாமியோட அம்மா பஸ்ஸில் எழுபது வளைவும் வாந்தி எடுத்துக்கிட்டே மேல வந்து சேர்றாங்க. அதோட நிறுத்திட்டான். அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதலை. நாங்களும் கேக்கலை. அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனான். திங்கட்கிழமை ஒரு டப்பா முறுக்கோட வந்தான், கண்ணெல்லாம் வீங்கி. குரூப்பில் அடுத்த வரி வந்தது: "அம்மா அந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் ஆந்தைக்கு ஏன்டா இவ்ளோ செலவு பண்ணேன்னு திட்டினாங்க."

இதை எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டுட்டேன். கேரக்டர் பேரை மட்டும் மாத்தச் சொன்னான், மாத்தியிருக்கேன். ஒன்பதில் அஞ்சு முடிஞ்சது, நாலு இருக்கு. கதையில் மாடசாமியை மூணாம் வருஷத்துக்கு ஏத்திடலாம்டான்னு நாங்க எல்லாரும் ஓட்டுப் போட்டும் பாத்தோம். ஒத்துக்க மாட்டேங்கறான். பேப்பர் கிளியர் ஆகாம பாஸ் போட மாட்டானாம்.