கூடமும் தனியறையும்

வீட்டில் இசை கேட்பதற்கு ஏற்ற இடம் எது? தனியறையா? எல்லாரும் கூடியிருக்கும் கூடமா?

தனியறையில் பிற ஒலிகள் குறுக்கிடா. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் சமதொலைவில் ஒருவர் அமர்ந்தால், பாடுவோர் நடுவிலும், வயலின் ஒருபுறமும், மிருதங்கம் மறுபுறமும் இருப்பதாகவே தோன்றும். இசையின் நுட்பம் அறிய விரும்புவோர்க்கு இஃது ஏற்றதே. ஆயினும் அறையின் வெறுஞ்சுவர்கள் ஒலியைத் திருப்பி எறியும். முன் எழுந்த ஒலி அடங்குமுன் பின் எழுந்த ஒலி அதனோடு கலந்து குழம்பும்.

1895-இல் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கட்டிய விரிவுரைக்கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. எழுந்த ஒலி அடங்க 5 விநாடிக்கு மேலாயிற்று. அக்குறையை ஆராய்ந்த வாலஸ் சபைன் என்னும் அறிஞர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை இரவுதோறும் அளந்தார். மெத்தையைப் போலவே மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன என்று கண்டார்.

திரையும் மெத்தையும் உள்ள கூடத்தில் பாட்டியும் பெற்றோரும் குழந்தைகளும் கூடியமர்ந்தால், அவர்களே எதிரொலியை அடக்கி இசைக்குத் துணைசெய்கின்றனர். மழலைப் பேச்சு இடையே பாட்டை மறைக்கலாம். அம்மழலைக்கு அஞ்சிக் கதவை அடைத்தால், இசையறிவு பெறவேண்டிய குழந்தையும் வெளியே நின்றுவிடும். கேட்டுக் கேட்டன்றோ செவி பழகுகிறது!

ஆதலின், நுட்பம் தேடும் பொழுது தனியறையை நாடுவோம். நாள்தோறும் கேட்கும் இசை கூடத்திலேயே ஒலிக்கட்டும்.