இரண்டாவது பீப்

"மாமா, பிஎஸ்4 போயிடுச்சு." ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையன் போன். முந்தின நாள் வரை கூடத்து டிவியில் ஓடிய கேம் கன்சோலைக் கழற்றி, மாடி அறையில் கிடந்த பழைய 32 இஞ்ச் டிவியில் மாட்டியிருக்கிறான். இந்த சிக்னலை ஏற்க முடியாது என்று திரையில் ஒரு வரி வந்ததாம், அப்புறம் வெறும் கறுப்பு.

"விளக்கு என்ன கலர்டா?"

"வெள்ளை."

வெள்ளை என்றால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. நீல விளக்கு துடித்துக்கொண்டே இருந்து வெள்ளைக்கு மாறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே, வருகிறேன் என்றேன்.

*

கூடத்து டிவிக்காக ரெசல்யூஷனை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் 1080பி என்று அவனே தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். மாடி டிவியின் முகப்பில் 'எச்டி ரெடி' ஸ்டிக்கர். 2005-ல் ஐரோப்பாவில் அந்த முத்திரைக்கு விதி எழுதியபோது கேட்டது 720பி, 1080ஐ இரண்டையும் ஏற்க வேண்டும் என்றுதான். 1080பி கட்டாயமில்லை. 'பி' என்றால் எல்லா வரிகளும் ஒரே வீச்சில் வரும். 'ஐ' என்றால் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. இரண்டு பெட்டியிலும் பழுதில்லை. ஒன்று சொன்னது மற்றொன்றுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

*

செய்தது. பிஎஸ்4-ஐ முழுசாக அணைத்தோம். பிறகு பவர் பட்டனை அழுத்தியபடியே விரலை எடுக்காமல் இருந்தான். உடனே ஒரு பீப். ஏறக்குறைய ஏழு நொடி கழித்து இரண்டாவது பீப். அப்போதுதான் விரலை எடுக்க வேண்டும். சேஃப் மோட் என்ற பழுதுபார்க்கும் திரை வந்துவிட்டது, ஏனென்றால் அது எந்த டிவிக்கும் புரிகிற குறைந்த ரெசல்யூஷனில்தான் வரும். பட்டியலில் இரண்டாவதாக இருப்பது ரெசல்யூஷனை மாற்றுவது. அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த முறை 480பி-யில் எழும். அங்கிருந்து செட்டிங்ஸுக்குப் போய் ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் முடிந்தது.

ஆனால் நடுவில் அரை மணி நேரம் வீணாயிற்று. சேஃப் மோடில் கன்ட்ரோலரை யூஎஸ்பி வயரில் மாட்டி, நடுவிலுள்ள பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். மாட்டினோம், அசையவே இல்லை. வயர் ஏதோ போன் சார்ஜரோடு வந்தது. அதில் மின்சாரம் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. பக்கத்து அறையிலிருந்து வேறு வயர் கொண்டுவந்ததும் முதல் அழுத்தலிலேயே பிடித்தது. இது தெரியாமல் கன்ட்ரோலரும் போச்சு என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேரோ.

*

எச்டிஎம்ஐ வயரை மாட்டியதும் முதலில் நடப்பது படம் போவதல்ல. டிவிக்குள் ஒரு சின்னக் குறிப்புப் பட்டியல் இருக்கிறது, அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். தன்னால் எந்தெந்த அளவைக் காட்ட முடியும் என்று அதில் எழுதியிருக்கும். கன்சோல் அதைப் படித்துவிட்டுத்தான் எதை அனுப்பலாம் என்று முடிவு செய்கிறது. நடுவில் சவுண்ட்பாரோ ஸ்ப்ளிட்டரோ இருந்தால், அது தன் பட்டியலைக் கொடுத்துவிடலாம். அதனால் எந்தக் குழப்பமானாலும் நடுவில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, கன்சோல், ஒரு வயர், டிவி என்று நேராக மாட்டிப் பார்ப்பதே முதல் வேலை. டார்ச் அடித்து சாக்கெட்டையும் பார்க்க வேண்டும். உள்ளே 19 பின். ஒன்று வளைந்திருந்தாலும் இப்படித்தான் கறுப்பாகும்.

*

4கே டிவி வாங்கியவர்களின் குறை வேறு. படம் வருகிறது, ஆனால் எச்டிஆர் வரவில்லை, அல்லது 60 ஃபிரேம் கிடைக்கவில்லை. பல டிவிகளில் எச்டிஎம்ஐ வாசலைப் பழைய முறையிலேயே வைத்து அனுப்புகிறார்கள். டிவி செட்டிங்ஸில் அந்த வாசலுக்கு மட்டும் மாற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அதற்கு ஒரு பெயர் என்பதுதான் தொல்லை. வாங்குகிறவருக்குக் கடைக்காரர் சொல்லித்தர வேண்டிய முதல் விஷயம் இது என்பேன். வயரும் முக்கியம். எச்டிஎம்ஐ 1.4-ல் நொடிக்கு 10.2 ஜிகாபிட் போகும், 2.0-ல் 18, 2.1-ல் 48. 4கே 120 ஃபிரேம் வேண்டுமென்றால் பழைய டிவிடி பிளேயரோடு வந்த வயரை நம்ப முடியாது.

1440பி மானிட்டர் வைத்திருந்தவர்கள் பிஎஸ்5-ல் பட்டது தனிக் கதை. 2022 செப்டம்பர் அப்டேட் வரும்வரை அந்த அளவு அதில் கிடையாது. அவர்கள் எவ்வளவு தேடியும் பயனில்லை.

*

இன்னொரு குறை, ஓரம் வெட்டுப்படுவது. மூலையிலுள்ள மேப்பில் பாதி காணோம் என்பார்கள். பிக்சர் டியூப் காலத்து வழக்கம் இது. ஓரத்துக் கோணலை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள். தட்டை டிவியிலும் அது தொடர்கிறது. ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்று தேடினால் வெட்டாமல் காட்டும் வழி இருக்கும்.

*

ஆட்டோமேட்டிக்கில் வைத்ததும் மாடி டிவியில் படம் வந்தது. எழுத்து மட்டும் மங்கல். அதன் திரை 1366×768. கன்சோல் அனுப்பும் 720 வரியை 768 ஆக இழுக்கிறது, அதாவது ஒவ்வொரு 15 வரியும் 16 ஆக வேண்டும். எந்த வரியும் ஒரு முழு வரிமேல் உட்காராது. 1080ஐ-யும் வைத்துப் பார்த்தோம். அசையாத மெனு எழுத்து தெளிந்தது, ஓட்டத்தில் ஓரங்கள் நடுங்கின. அவனுக்கு 720 பிடித்தது.

2006-ல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த டெட் ரைசிங் கேம் நினைவுக்கு வந்தது. பெரிய எச்டி திரையை மனதில் வைத்து எழுத்துகளைப் பொடியாகப் போட்டிருந்தார்கள். பழைய டிவி வைத்திருந்தவர்களால் அதைப் படிக்கவே முடியவில்லை. புது டிவி வாங்க முடியாத வீட்டையும் நினைத்து எழுத்தளவை முடிவு செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

*

கிளம்பும் முன் டேப் ஒன்றைக் கிழித்து, '720பி, 1080ஐ மட்டும்' என்று எழுதி டிவியின் பின்பக்கம் ஒட்டச் சொன்னேன். ஒட்டினான். அதன் கீழே அவனாகவே இன்னொரு துண்டு ஒட்டி, 'ரெண்டாவது பீப் வரைக்கும் விரலை எடுக்காதே' என்று எழுதினான்.