பசுமலையில் பிறந்த கல்லூரி

மதுரையில பழைய கல்லூரி எதுன்னு கேட்டா, கோரிப்பாளையத்துல செக்கச்செவேல்னு நிக்கிற அமெரிக்கன் கல்லூரியைக் காட்டுவாங்க. சாலமன் பாப்பையா ஐயா தமிழ் நடத்துன கல்லூரின்னா உங்களுக்கு உடனே தெரியும். ஆனா அது பிறந்தது எங்க திருநகருக்குப் பக்கத்துல, பசுமலையில. இங்க உள்ள பிள்ளைகளுக்கே இது தெரியாது.

பசுமலைன்னா பசுமையான மலை இல்லைங்க. சமணர்கள் ஏவிவிட்ட மாயப்பசு நந்திகிட்ட தோத்து விழுந்து மலையாச்சுன்னு திருவிளையாடல் புராணம் சொல்லுது.

பாதிரிமார்னதும் தரங்கம்பாடி லுத்தரன் சபைதான் பலருக்கு ஞாபகம் வரும். மதுரைக்கு வந்தவங்க வேற ஆளுங்க. அமெரிக்க மிஷன்காரங்க, 1834-ல் யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவங்க. 1842-ல் திருமங்கலத்துல ஒரு செமினரி தொடங்கி, 1845-ல் அதைப் பசுமலைக்கு மாத்துனாங்க. வில்லியம் டிரேசி பல வருஷம் அதை நடத்தினார். கிராமத்துக்கு உபதேசியாரையும் வாத்தியாரையும் தயார் பண்றதுதான் அதோட வேலை. பிறகு வாஷ்பர்ன் காலத்துல, 1881-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சு கல்லூரி ஆச்சு.

1904-ல் கல்லூரி டவுனுக்குப் போயிடுச்சு. அப்ப முதல்வர் சம்ப்ரோ. 1909-ல் வைகைக்கு வடகரையில, இப்ப இருக்கிற இடத்துக்கு வந்தது. அங்க உள்ள மெயின் ஹாலை வடிவமைச்சவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் அவர் போட்ட பிளான்தான். வாஷ்பர்ன் பேர்ல விடுதி இருக்கு. யாழ்ப்பாணத்துல வட்டுக்கோட்டை செமினரியை நடத்திட்டு மதுரைக்கு வந்து பள்ளிக்கூடங்கள் திறந்த டேனியல் பூவர் பேர்ல நூலகம் இருக்கு. செங்கல் சுமந்தவங்க, சுண்ணாம்பு அரைச்சவங்க பேர்ல ஒரு திண்ணைகூடக் கிடையாது. எந்தக் கட்டடத்துலயும் அப்படித்தானே!

டவுனுக்குப் போனதால கல்லூரி வளர்ந்துச்சு. அதைக் குறை சொல்ல முடியாது. 1978-ல் தன்னாட்சியும் கிடைச்சுது. ஆனா எங்க பக்கத்து ஆளா நின்னு பார்த்தா வேற கணக்கும் இருக்கு. கிராமத்து வாத்தியாருக்காகத் தொடங்குன இடம், கிராமத்தை விட்டுத் தள்ளிப் போச்சு. பஸ் வசதி இல்லாத அந்தக் காலத்துல பசுமலைக்கு நடந்து போயிடலாம். கோரிப்பாளையம் போகணும்னா ஊரைத் தாண்டி, ஆத்தையும் தாண்டணும். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தூரமே ஒரு பரீட்சை.

எழுபது வருஷம் கழிச்சு, 1974-ல், மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி பசுமலையில வந்துச்சு. அதுக்கும் பழைய கல்லூரிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி, பையை மாட்டிக்கிட்டு நடக்கிற எங்க ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, கல்லூரி எவ்வளவு அழகா இருக்குங்கிறதைவிட எவ்வளவு பக்கத்துல இருக்குங்கிறதுதான் பெருசாத் தெரியுது.